குதிரையில் போகும்போது வேட்டை வில்லையும் அம்பையும் எங்கே, எப்படி வைப்பது?

மலைச்சரிவு:

வணக்கம். ஆறு வருடமாகக் காம்பவுண்ட் வில்லில் (இரு முனையிலும் கேம் என்கிற சக்கரமும், நாணோடு கேபிளும் உள்ள நவீன வில்) வேட்டைக்குப் போகிறேன், எல்லாம் நடைதான். குதிரையேற்றம் கற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பருவத்தில் முதல்முறையாக இரண்டையும் சேர்க்கப் போகிறேன். முகாம் வரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் குதிரையில், அதில் பாதி வழி மரங்கள் நெருங்கிய ஏற்றம். அப்புறம் குதிரையைக் கட்டிவிட்டு நடக்க வேண்டும்.

போன வாரம் ஒத்திகை பார்க்கலாம் என்று வில்லை வார் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. தாழ்ந்த கிளை ஒன்று வந்தது, கழுத்தோடு ஒட்டிக் குனிந்தேன், நான் குனிந்த அளவுக்கு வில் குனியவில்லை. மேல் கேம் சக்கரம் கிளையில் மாட்டி என்னைப் பின்னுக்கு இழுத்தது, கை தானாகவே கடிவாள வாரைப் பிடித்து இழுத்துவிட்டது, குதிரை பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது. பின்னால் சரிவு. கூட வந்தவர் கீழே இறங்கித் தலைக்கயிற்றைப் பிடித்ததால் தப்பித்தேன். அடி எதுவும் இல்லை, ஆனால் வில்லோடு ஒட்டிய அம்பறாத்தூணியில் ஐந்து அம்பும் கூரிய அலகுள்ள வேட்டை முனையோடு இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வில் 32 அங்குலம், 60 பவுண்டு இழுவிசை. முன்கொம்பு வைத்த மேற்கத்திய சேணம். குதிரை பன்னிரண்டு வயதுப் பெண் குதிரை, சாது. என் கேள்விகள்: முதுகா, சேணமா? சேணம் என்றால் எந்தப் பக்கம்? அம்புகளை வில்லிலேயே விடலாமா? குதிரையை இதற்கு எப்படிப் பழக்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்டுவழி:

தம்பி, முதலில் அடி இல்லாமல் வீடு வந்ததற்கு சந்தோஷம். முதுகில் மாட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் எதைக் குதிரையில் ஏற்றினாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இப்போது விழுந்தால் இது எங்கே இருக்கும்? முதுகில் வில் இருந்தால் அது முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும். இடுப்பில் அம்பு இருந்தால் தொடைக்கும் தரைக்கும் நடுவில். குதிரையில் இருந்து யாரும் விழ மாட்டார்கள் என்று வைத்துத் திட்டம் போடக் கூடாது, என்றாவது ஒருநாள் எல்லோரும் விழுவோம். அன்றைக்கு கூரானதும் கொக்கி மாதிரி மாட்டுவதும் உங்கள் உடம்பில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு, மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

ஆக, வில் சேணத்தில், உறைக்குள். வெறும் வில்லைக் கொம்பில் தொங்கவிடாதீர்கள், நாணும் கேபிளும் வெளியே தெரிந்தால் போகிற போக்கில் ஒவ்வொரு குச்சியும் அதற்குள் நுழையும். இரண்டு கேம் சக்கரத்தையும் முழுதாக மூடுகிற, வழுவழுப்பான தடித்த துணி அல்லது தோல் உறை வேண்டும். வலப்பக்கம் வையுங்கள், ஏனென்றால் நாம் ஏறுவது இடப்பக்கம், ஏறும்போது அந்தப் பக்கம் காலுக்கும் கைக்கும் இடம் வேண்டும். துப்பாக்கி உறையைப் போல அங்கவடி வாருக்கு அடியில் நுழைக்க முடியாது, காம்பவுண்ட் வில் அதற்குத் தடிமன் அதிகம், முழங்காலை வெளியே தள்ளிவிடும். காலுக்குப் பின்னால், சேணத்தின் பின்பகுதியை ஒட்டிச் சாய்வாகப் படுக்க வைத்து, முன்னால் ஒரு வார், பின்னால் ஒரு வார், அப்புறம் ஓட்டத்தில் துள்ளாமல் இருக்க நடுவில் மூன்றாவதாக ஒன்று. கீழ்முனை குதிரையின் விலாவுக்குப் பின்னாலுள்ள மெத்தென்ற பகுதியில் குத்தாமல் பாருங்கள். அங்கே அடிக்கடி எதுவும் தட்டினால் எவ்வளவு சாதுவான குதிரையும் ஒரு கட்டத்தில் துள்ளும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. மலைச்சரிவின் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டி வந்தால் எப்போதும் மேட்டுப் பக்கம்தான் இறங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் இறங்கினால் கால் வைக்கத் தரை இருக்காது. மேடு வலப்பக்கம் இருந்தால் வில் இருக்கிற பக்கமே இறங்கியாக வேண்டும். அதனால் உறையை உயரமாகக் கட்டாதீர்கள், சேணத்தின் பின்விளிம்பைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் காலைச் சுழற்றும்போது மாட்டும். வீட்டில் இரண்டு பக்கமும் பத்துப் பத்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள்.

எடை பற்றியும் சொல்கிறேன். பார்வைக்கருவி, அம்பு தாங்கி எல்லாம் சேர்த்து வில் மூன்று கிலோ பக்கம் வரும். கேட்கச் சின்ன எடைதான், ஆனால் ஒரே பக்கம் நான்கு மணி நேரம் தொங்கினால் சேணம் அந்தப் பக்கம் நகரும், குதிரையின் முதுகில் புண் வரும். இடப்பக்கப் பையில் அதே எடைக்குத் தண்ணீரோ உணவோ வையுங்கள். தண்ணீர் குடிக்கக் குடிக்க அந்தப் பக்கம் எடை குறையும் என்பதையும் மறக்காதீர்கள், நான் அதற்காகவே இப்போது அங்கே தீவனம் அல்லது கயிறு வைக்கிறேன்.

நாணொலி:

வில் பழுதுபார்க்கிற வேலை செய்கிறேன், அம்பு பக்கத்தை நான் சொல்கிறேன்.

காம்பவுண்ட் வில்லை இழுக்காமல் சும்மா வைத்திருக்கும்போதும் அதன் லிம்ப்கள் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதிகள்) அழுத்தத்தில்தான் இருக்கின்றன, நாண் எப்போதும் விறைப்பாகத்தான் நிற்கிறது. அந்த நாணில் ஒரு வேட்டை முனை உரசினால் போதும், சவர பிளேடு அளவுக்குக் கூர்மையான அலகு அது, சில இழைகள் அறுந்துவிடும். உடனே தெரியாது. முகாமில் போய் முழு இழுவைக்கு இழுக்கும்போது மிச்சமும் போகும், அப்போது முகத்துக்கு நேராக இருப்பது அந்த நாண்தான். குதிரை நடையில் நான்கு மணி நேரக் குலுக்கலில் ஒரு அம்பு தூணியின் ரப்பர் பிடியில் இருந்து நழுவி நாண் பக்கம் வருவது நடக்காத காரியம் இல்லை. எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: வில்லிலேயே விட வேண்டாம். வில் தனி, அம்பு தனி.

தூணியின் தலைப்பகுதியில் இருக்கிற நுரைப் பஞ்சை ஒருதடவை வெளியே எடுத்துப் பாருங்கள். அலகுகள் குத்திக் குத்தி அது சல்லடையாகியிருக்கும். புதிதாக இருக்கும்போது முனையைப் பிடித்து வைத்திருந்த பஞ்சு, இரண்டு பருவம் கழித்து வெறும் அலங்காரம். கெட்டியான பிளாஸ்டிக் மூடி இருந்தாலும் உள்ளே பிடிப்பு இல்லையென்றால் அம்பு ஆடும், ஆடினால் சத்தம் போடும், சத்தம் குதிரைக்கு ஆகாது.

என் யோசனை: பயணத்தின்போது முனைகளைத் திருகிக் கழற்றி, ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் உட்காரும் கெட்டியான பெட்டியில் போட்டு, சேணப்பையின் நடுவில் துணிகளுக்கு இடையில் வையுங்கள். அம்புத் தண்டுகள் மட்டும் மூடியுள்ள குழாயில். முனையிலும் தண்டிலும் 1, 2, 3 என்று எண் எழுதிவிடுங்கள், எந்த முனை எந்த அம்பில் சோதிக்கப்பட்டதோ அதே அம்புக்குத் திரும்பப் போக வேண்டும். கழற்றி மாட்டும்போது விரலால் அலகைப் பிடிக்காதீர்கள், அதற்கென்று சின்னச் சாவி வரும், அது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் அவசரப்படாமல் வில்லை ஒரு சுற்று பாருங்கள். நாண் கேம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, லிம்பில் விரிசல் உண்டா, பார்வைக்கருவியின் திருகுகள் தளர்ந்திருக்கிறதா. நான் ஒவ்வொரு திருகின் தலையிலும் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு அதை உடல்பகுதி வரை நீட்டி வைப்பேன், திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் தண்டுகளை இரு கையாலும் லேசாக வளைத்துச் சுழற்றி காதருகே பிடியுங்கள், நறநறவென்ற சின்னச் சத்தம் கேட்டாலும் அந்த அம்பை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்து வில் பிடித்த கையில் சிம்பாக ஏறும், அப்படி வந்த ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன், மறக்க முடியவில்லை. கடைசியாகப் பயிற்சி முனை போட்ட ஒரு அம்பை மக்கிய மரக்கட்டை ஒன்றில் எய்து, குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேட்டைக்கு.

மேட்டுநிலம்:

முனையைக் கழற்றி வை, குழாயில் போடு என்றால், வழியில் மான் எதிர்ப்பட்டால் என்ன செய்வது? நான் எட்டு வருடமாக முதுகில்தான் வைத்திருக்கிறேன், உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற வார், வில் தோளுக்கு மேல் நீட்டாது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. திறந்த புல்வெளியில் சவாரி செய்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?

காட்டுவழி:

திறந்த வெளியில் கிளையில் மாட்டாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புல்வெளியிலும் எலி வளையில் குதிரையின் கால் இறங்கும், காடை பறந்தால் மிரளும். எட்டு வருடம் விழவில்லை என்பது உங்கள் சவாரியின் தரத்தைச் சொல்கிறது, முதுகில் இருப்பது பாதுகாப்பு என்று சொல்லவில்லை. அந்த வார் உடம்போடு இறுக்கிப் பிடிக்கிறது என்கிறீர்கள் பாருங்கள், விழுந்த பிறகு அதுதான் எனக்கு பயம். வில் குதிரையின் சாமானில் எங்காவது சிக்கினால் அது உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மான் எதிர்ப்பட்டால்? இறங்க வேண்டும், குதிரையைக் கட்ட வேண்டும், தள்ளிப்போக வேண்டும், அதற்குப் பிறகுதான் அம்பு. அந்த நேரத்தில் முனையைத் திருக ஒரு நிமிடம் கூடுதலாகிறது. சேணத்தில் உட்கார்ந்தபடி அம்பை நாணில் கோக்கவே கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குறுக்குவில் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சு: நாணை இழுத்துப் பூட்டிய குறுக்குவில்லோடு குதிரை மேல் ஏறவே கூடாது.

மேட்டுநிலம்:

வார் இழுத்துக்கொண்டு போகும் என்ற விஷயத்தை நான் யோசிக்கவில்லை. இழுத்தால் கழன்றுகொள்ளும் கொக்கி போடலாமா என்று பார்க்கிறேன். முனை விஷயத்தில் இன்னும் எனக்கு முழு சம்மதம் இல்லை, ஆனால் மூடிய குழாய் சரிதான்.

குளம்படி:

குதிரைகளைப் பழக்குவதுதான் என் தொழில், அதனால் கடைசிக் கேள்விக்கு நான் வருகிறேன் அண்ணா. சாது என்ற சொல்லை நம்பாதீர்கள். அது தெரிந்த விஷயங்களுக்கு சாது. முதுகில் ஒரு நீளமான, சத்தம் போடுகிற, மரத்தில் உரசுகிற சாமான் அதற்குத் தெரியாத விஷயம். குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை பார்வை உண்டு, விலாவுக்குப் பின்னால் ஆடுகிற உறையை அது நடந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும். துரத்தி வருகிற ஒன்றாகவும் அதை நினைத்துக்கொள்ளலாம்.

வெறும் உறையோடு தொடங்குங்கள். வில் வேண்டாம். கொட்டிலுக்கு வெளியே, தலைக்கயிறு கையில், முதலில் அது முகர்ந்து பார்க்கட்டும். பிறகு தோளில் தேய்த்து, முதுகில் தேய்த்து, விலாவில். காது இரண்டும் பின்னால் போய், வாலை இறுக்கி, மூக்குத் துவாரம் விரிந்தால் அங்கேயே கையை நிறுத்துங்கள், எடுத்துவிடாதீர்கள். அது மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தி வாயை மெல்லும், அந்த நொடியில் எடுத்துவிடுங்கள். பயந்தபோது எடுத்தால் பயந்தால் போய்விடும் என்று கற்றுக்கொள்ளும், அமைதியானபோது எடுத்தால் அமைதியைக் கற்றுக்கொள்ளும். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும், இடக்கண்ணால் பார்த்துப் பழகியதை வலக்கண்ணால் புதிதாகப் பார்ப்பதுபோல் நடந்துகொள்ளும்.

பிறகு உறையைச் சேணத்தில் கட்டி, கையில் பிடித்து நடத்துங்கள். வட்டமாக ஓடவிடுங்கள். புதர் ஓரமாகக் கூட்டிப்போய் உறை இலைகளில் உரசும் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். அப்புறம் உறையின் மூடியில் இருக்கிற ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ), அந்தப் பர்ரென்ற கிழிசல் சத்தம். எத்தனையோ குதிரைகள் அதற்குத்தான் தூக்கிவாரிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன், இறங்கி வில்லை எடுக்கிற நேரத்தில் குதிரை ஓடிப்போனால் நான்கு மணி நேரத் தூரம் நடைதான். கொஞ்சம் தீவனம் வைத்து, தின்றுகொண்டிருக்கும்போது தூரத்தில் இருந்து திறந்து மூடி, நாள் நாளாகப் பக்கம் வாருங்கள். முடிந்தால் ஒட்டுப்பட்டை உள்ள உறையையே வாங்காதீர்கள், கொக்கி போதும்.

இதெல்லாம் முடிந்து வில்லோடு, பிறகு நீங்கள் மேலே உட்கார்ந்து. என் அனுபவத்தில் தினம் அரை மணி நேரம் என்றால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், சில குதிரைக்கு நான்கு நாளே போதும். குதிரைதான் முடிவு செய்யும்.

கிளம்பிய அன்று பதினைந்து, இருபது நிமிடம் கழித்து இறங்கி வயிற்றுப்பட்டையை மறுபடி இறுக்குங்கள், குதிரை முதலில் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும். ஏற்றத்துக்கு மார்புப்பட்டை கட்டாயம், இல்லையென்றால் சேணம் பின்னால் சறுக்கி வில் போய் இடுப்பில் இடிக்கும். மொத்தச் சுமை, உங்களையும் சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. மலை ஏறும்போது நான் அதற்கும் கீழேதான் வைப்பேன்.

மூங்கில்நாண்:

காம்பவுண்ட் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மூன்று துண்டாகக் கழற்றுகிற ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த, சக்கரம் இல்லாத வில்) வைத்திருக்கிறேன். நாணை இறக்கி, லிம்ப்களைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, சேணத்தின் பின்விளிம்புக்குப் பின்னால் குறுக்கே ஒரு சுருட்டாகக் கட்டிவிடுவேன். எதுவும் நீட்டாது, எதுவும் மாட்டாது. சேர்த்து நாணேற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் நாணேற்றும் கயிறு வேண்டும், காலில் கொடுத்து வளைத்து ஏற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

குதிரையில் வில்லோடு வாழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. சித்தியர்கள் என்கிற பழங்காலப் புல்வெளி நாடோடிகள் வில்லும் அம்பும் ஒரே உறையில் போகிற மாதிரி ஒன்றைச் செய்து இடுப்பின் இடப்பக்கம் தொங்கவிட்டார்கள். பிற்கால மங்கோலியர்களும் துருக்கியர்களும் வில்லுறையை இடப்பக்கமும் தூணியை வலப்பக்கமும் பிரித்துக்கொண்டார்கள். ஜப்பானில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான வில்லை வைத்துக்கொண்டே குதிரையேறினார்கள், அவர்களிடம் உத்சுபோ என்று அம்பை முழுதாக மூடிவிடுகிற தூணி ஒன்று உண்டு. அவர்களுக்கு ஓடும் குதிரையில் இருந்து எய்ய வேண்டியிருந்தது, அதனால் உடம்பில் கட்டினார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. அவர்களிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது மூடிய தூணியை மட்டும்தான்.

மலைச்சரிவு:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படித்தேன். இருபது நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

உறை வாங்கி, குளம்படி சொன்ன வரிசையிலேயே பழக்கினேன். உறையும் உரசலும் நான்கு நாளில் சரியாகிவிட்டது. பழைய பையின் ஒட்டுப்பட்டை சத்தத்துக்குத்தான் பதினோரு நாள் பிடித்தது, பன்னிரண்டாம் நாள் காதைக்கூடத் திருப்பாமல் தின்றுகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று அதே பாதையில், அதே கிளைக்கு அடியில் போனேன். குனிந்தேன், எதுவும் மாட்டவில்லை. இடப்பக்கம் தண்ணீர் வைத்ததில் திரும்பும்போது சேணம் இரண்டு விரல் வலப்பக்கம் நகர்ந்திருந்தது, அதனால் இனி கயிறுதான்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். நாணைப் பிடித்து இழுத்து விடுவிக்க மணிக்கட்டில் கட்டுகிற ரிலீஸ் கருவியைச் சவாரியின்போது போட்டுக்கொண்டே இருக்கலாமா? கழற்றி வைத்தால் தொலைந்துவிடும் என்று பயம்.

காட்டுவழி:

வேண்டாம். அதன் கொக்கி கடிவாள வாரிலோ பிடரி மயிரிலோ மாட்டினால் கையை விடுவிக்க முடியாது. பொத்தான் உள்ள சட்டைப் பையில் போட்டு, மாற்று ஒன்றை வில்லுறையில் வையுங்கள். தொலைநோக்கியை நெஞ்சில் கட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள், ஏற்றத்தில் முன்னால் சாயும்போது சேணக் கொம்பில் இடிக்கும்.

உடம்பில் இருக்க வேண்டியது வேறு: போன், விசில், தீப்பெட்டி, இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை (டூர்னிக்கெட்). குதிரை ஓடிவிட்டால் சேணப்பையில் இருப்பதெல்லாம் அதோடு போய்விடும். வேட்டை முனை தொடையில் ஏறினால் பிடுங்கக் கூடாது, அசையாமல் கட்ட வேண்டும். இரத்தம் நிற்காமல் பீறிட்டால் காயத்துக்கு நாலு விரல் மேலே பட்டையை இறுக்கி, எத்தனை மணிக்குக் கட்டினோம் என்று எழுதி வைக்க வேண்டும். கூட வருபவருக்கும் அதைக் கட்டச் சொல்லிக்கொடுங்கள், உங்களுக்கு அடிபட்டால் கட்டப்போவது அவர்தான்.

மலைச்சரிவு:

ரிலீஸ் சட்டைப் பைக்குப் போய்விட்டது. பட்டை கட்டுவதை இன்று மாலை நண்பரோடு உட்கார்ந்து பழகுகிறோம், ஆளுக்கு இரண்டு கால், இரண்டு கை. சனிக்கிழமை விடியும் முன் கிளம்புகிறோம்.